தறி இருந்த இடம்: மேசைக் கணினி, மடிக்கணினித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

தோற்றுவாய்

வீட்டில் இருந்தபடியே பணி செய்தல் என்பது, 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது புதிதாகப் பிறந்த ஒன்று எனப் பலரும் எண்ணுகின்றனர். பெருநகரத்தாருக்கு அஃது உண்மையாக இருக்கலாம். அருப்புக்கோட்டைக்கு அது பொருந்தாது. கைத்தறி ஓங்கியிருந்த காலத்தில் இவ்வூர் நெசவாளர் தெருக்களில் வீடு வேறு, தொழிற்கூடம் வேறு என்ற பிரிவினை இருந்ததில்லை. வீட்டின் முன்கட்டில் குழி வெட்டித் தறி அமைப்பர். நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே இறக்கி, மிதியை மிதித்து நாடா ஓட்டுவார். இல்லத்தரசி ராட்டையில் தார் சுற்றுவார். பிள்ளைகள் அறுந்த இழையைப் பிணைப்பர். விருந்தினர் வந்தால் தறியைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வீடு தறிக்கு இடம் கொடுத்தது என்பதைவிட, தறி விட்டுவைத்த இடத்தில் வீடு குடியிருந்தது என்பதே பொருத்தமாகும்.

பின்னர் விசைத்தறி வந்தது. பல வீடுகளில் குழிகள் மூடப்பட்டன. இன்று அதே வீடுகளில் கணினி புகுந்துள்ளது. கடைகளுக்குக் கணக்கு எழுதுதல், சிவகாசி அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்தல், சேலைக் கரைக்குப் பூவேலை வரைதல், இணையவழி வகுப்பு நடத்துதல், ஆய்வேடு தட்டச்சுச் செய்தல் எனப் பல பணிகள் வீட்டிலிருந்தே நடைபெறுகின்றன. எம் துறை மாணவ மாணவியர் முதுகலை முடித்துச் செல்லும்போது தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: "ஐயா, வீட்டில் வைத்து வேலை பார்க்க மேசைக் கணினி வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா?"

விற்பனையாளர் இவ்வினாவுக்கு வேகத்தையும் நினைவகத்தையும் விலையையும் கொண்டு விடை கூறுவர். அவை வேண்டியவையே. எனினும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மண்ணையும் வெயிலையும் வீட்டமைப்பையும் நோக்காமல் கூறப்படும் விடை அரைகுறை விடையே ஆகும். அவற்றை நோக்கி விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

தமிழாசிரியன் எதையும் சொல்லிலிருந்து தொடங்குவதே மரபு. 'மேசை' என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து நாம் பெற்ற சொல். 'மடிக்கணினி' என்பதில் உள்ள மடியோ நம்முடைய சொல். அதற்குப் பல பொருள்கள் உண்டு. தாயின் மடியும் மடி. துணியை மடித்தலும் மடி. இக்கருவி இரண்டுக்கும் பொருந்தி வருகிறது. மூன்றாவதாகச் சோம்பல் என்னும் பொருளும் உண்டு. வள்ளுவர் 'மடியின்மை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். கட்டிலில் சாய்ந்தபடி மடிக்கணினியில் 'பணி' செய்யும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் மூன்றாம் பொருளே எனக்கு நினைவுக்கு வருகிறது.

தூக்கிச் செல்லும் கணினிகளுள் வணிக வெற்றி பெற்ற முதற்கருவி எனப் போற்றப்படும் ஆஸ்போர்ன் 1981இல் விற்பனைக்கு வந்தது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அதில் மின்கலமும் கிடையாது. அதை மடியில் வைத்தால் மடி தாங்காது. அங்கிருந்து தொடங்கிய பயணம், 2008ஆம் ஆண்டில் உலக அளவிலான விற்பனையில் மடிக்கணினி மேசைக் கணினியை முந்தும் நிலையை எட்டியது. நம் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், இப்பெயரைச் சிற்றூர் வீடுகளின் வழக்குச் சொல்லாகவே ஆக்கிவிட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு அது வழங்கப்பட்டது. திருச்சுழிப் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி மடிக்கணினியே. மேசைக் கணினி அன்று. ஒரு தலைமுறை மேசைக் கணினியைக் காணாமலேயே மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது. எனவே அம்மாணவர்க்கு இவ்வினாவே சற்று வேடிக்கையாக ஒலிக்கக்கூடும்.

மின்சாரம் என்னும் மழை

இது வானம் பார்த்த பூமி. மழையை நம்பி விதைத்து, வராத மழைக்குக் காத்திருந்து பழகிய மக்களுக்கு மின்சாரமும் மற்றொரு மழையாகவே இருந்த காலம் உண்டு. 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் சிக்கியது. 2012இல் அது உச்சத்தைத் தொட்டது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லை. விசைத்தறிகள் நின்றன. நான் 2009இல் தவணை முறையில் வாங்கிய மேசைக் கணினியும் நின்றது. அதனுடன் வாங்கிய 600 விஏ திறனுள்ள யுபிஎஸ் கருவி பத்துப் பதினைந்து நிமிடம் ஓலமிட்டுவிட்டு உயிர் விடும். ஒரு வாக்கியம் எழுதுவது, உடனே சேமிப்பது என்னும் பழக்கம் அக்காலத்தில் ஏற்பட்டதே, இன்றுவரை விடவில்லை.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. ஆயினும் பராமரிப்புக்கென மின்சாரம் நிறுத்தப்படும் ஊர்களின் பட்டியல் நாளிதழ்களில் வந்தவண்ணமே உள்ளது; கோடை இரவுகளில் மின்னழுத்தம் தாழ்கிறது. ஆதலின் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

தட்டச்சு, படிப்பு போன்ற எளிய பணிகளில் மேசைக் கணினியும் அதன் திரையும் சேர்ந்து ஏறத்தாழ 130 வாட் செலவிடும் எனக் கொள்வோம். அதே பணிக்கு மடிக்கணினி 40 வாட் அளவிலேயே நின்றுவிடும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், இரு திங்களில் 50 நாட்கள் பணி செய்தால், முன்னது 32 அலகுக்கு மேல் எடுக்கும். பின்னது 10 அலகு எடுக்கும். நம் மாநிலத்தில் வீட்டு மின்னிணைப்புக்கு இரு திங்களுக்கு 100 அலகு கட்டணமின்றி வழங்கும் முறை 2016இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நூறில் மூன்றிலொரு பங்கை மேசைக் கணினி ஒன்றே எடுத்துக்கொள்ளும். சிறு வருவாயுள்ள குடும்பத்திற்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் வேறுபாடு மேலும் தெளிவாகத் தெரியும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய மின்கலத்தை முற்றும் வறளவிடாமல் பாதியளவே பயன்படுத்தினால்தான் அது நீடித்து உழைக்கும். மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் 700 வாட்-மணி அளவே கைக்கு வரும். ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் 90 வாட் கொள்ளும். அவற்றுடன் மேசைக் கணினியும் ஓடினால் மூன்று மணி நேரத்தில் மின்கலம் தளர்ந்துவிடும். மடிக்கணினியாயின் ஐந்து மணி நேரத்திற்கு மேல் தாங்கும். அதன்பிறகும் மடிக்கணினியின் சொந்த மின்கலம் இருக்கிறது. மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலை மின்சாரத்தை வழங்குவன. மேசைக் கணினியின் சிலவகை மின்வழங்கிகள் அதை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். மேசைக் கணினி வாங்கத் துணிந்தோர் சைன் அலை இன்வெர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

வறண்ட மண்ணும் மூன்றாம் கம்பியும்

நம் வட்டாரத்தில் இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் கருதாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அது மண்.

மேசைக் கணினியின் இரும்புப் பெட்டியில் கை பட்டபோது 'சுரீர்' என ஓர் அதிர்வை உணர்ந்தோர் நம்மில் பலர். 'கணினி ஷாக் அடிக்கிறது' எனக் கடைக்குத் தூக்கிச் செல்வர்; கடையில் அடிக்காது. குறை கணினியில் இல்லை என்பதே அதன் பொருள். மேசைக் கணினியின் மின்வழங்கியில், உள்ளே வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உள்ளன. அவை வடிக்கும் சிறு மின்னோட்டம், மூன்று முனைச் செருகியின் தடித்த முனை வழியாக, எர்த் கம்பியில் இறங்கி நிலத்திற்குள் போக வேண்டும். அவ்வழி அடைபட்டால் இரும்புப் பெட்டியிலேயே அது தங்கும். தொடுகின்ற மனிதனே வழியாவான். அந்தச் 'சுரீர்' உயிரைப் பறிக்கும் அளவுடையதன்று. ஆனால் கருவியில் உண்மையான பழுது நேரும் நாளில் நம்மைக் காக்க எர்த் கம்பி இல்லை என்பதை அறிவிக்கும் எச்சரிக்கை அது.

வழி ஏன் அடைபடுகிறது? ஈரமண்ணே மின்சாரத்தை எளிதில் ஏற்கும். கரிசல் மண் மழைக்காலத்தில் காலைப் பிடித்து இழுக்கும். சித்திரை, வைகாசியில் கையை விடும் அளவுக்கு வாய் பிளந்துவிடும். அப்பிளவுகளுக்கு நடுவே புதைந்துள்ள எர்த் குழாய் மண்ணோடு ஒட்டாமல் நிற்கும். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்களே குறைவு. நிலத்தடி நீரும் ஆழத்தில் கிடக்கிறது. இந்நிலையில் மூன்றாம் முனை, சுவரில் துளையாக மட்டும் இருக்கும்; பணி செய்யாது. பழைய வீடுகள் சிலவற்றில் அக்கம்பி எங்கும் இணைக்கப்படாமலே விடப்பட்டிருப்பதும் உண்டு.

இதற்குரிய மருத்துவம் எளியது. எர்த் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் இட்டு நிரப்பி, கோடையில் நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்ற வேண்டும். சீமைக் கருவேலங்கரிக்குப் பெயர்போன நம் பகுதியில் கரிக்குப் பஞ்சமில்லை. நீர்தான் பஞ்சம். குடிநீர்க் குடத்துக்குக் குழாயடியில் காத்து நிற்கும் இல்லத்தரசியிடம், "கணினிக்காக மண்ணுக்கு ஒரு குடம் ஊற்றுங்கள்" என்று கூறும் துணிவு எனக்கில்லை. பாத்திரம் கழுவிய நீரும் அதற்குப் போதும் என்று மட்டும் கூறுவேன்.

மடிக்கணினியின் நிலை வேறு. அதன் மின்னேற்றிகளுள் பல இரட்டைக் காப்புடைய இருமுனைச் செருகி கொண்டவை. எர்த் கம்பியை நம்பி அவை அமைக்கப்படவில்லை. மூன்று முனை கொண்டவையும் உண்டு. உலோக உடல் உடையனவாயின் அவற்றிலும் சிறு அதிர்வு தோன்றலாம். எனினும் செருகியைப் பிடுங்கிவிட்டு மின்கலத்தில் பணியைத் தொடரும் வசதி அதற்கே உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுடன் வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாலைகளில் இதன் அருமை விளங்கும். மின்கம்பி வழியாக வரும் திடீர்ப் பாய்ச்சல் தாய்ப்பலகையைக் கருக்கிவிடும். மேசைக் கணினி உடையவர் பணியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் எதிர்பார்த்த மழை வரும்போது பணியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் அமர்வதும் ஒரு பேறே என்பார் உளர். ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்கியோர் அவ்வாறு கூறார்.

வெயிலும் பஞ்சும்

இதுவரை கூறியவை மடிக்கணினிக்குச் சார்பானவை. வெயில் அதன் எதிரி. அதில் உள்ள லித்தியம்-அயனி மின்கலம் வெப்பத்தில் விரைவாக முதுமை அடையும். முழுதும் மின்னேற்றப்பட்ட நிலையிலேயே எப்பொழுதும் வெப்பத்தில் இருத்தல் அதற்கு இரட்டிப்புக் கேடு. 45 பாகை செல்சியசுக்கு மேல் அதில் மின்னேற்றுதல் கூடாது. நம் பகுதியில் கோடை வெயில் 40 பாகையைத் தொடும். தகரக் கூரையின் கீழே, மெத்தையின்மேல், காற்றுத் துளைகள் அடைபட வைக்கப்பட்ட மடிக்கணினியின் உள்வெப்பம் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உள்ளது. அதனைப் பயன்படுத்துதல் நலம்.

மற்றொன்று பஞ்சு. தறி ஓடும் தெருவில் காற்றே நூல் நூற்கும். மென்மையான பஞ்சுத் துகள் கணினியின் விசிறியில் படிந்து, பின் வெப்பம் வெளியேற்றும் தகடுகளுக்கு இடையே கம்பளிபோல் அடைத்துக்கொள்ளும். மேசைக் கணினியின் பக்கப் பலகையை ஒரு திருப்புளி கொண்டு திறந்து, மென்மையான தூரிகையால் எவரும் துடைத்துவிடலாம். மடிக்கணினியைத் திறப்பதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். ஆதலால் தறி ஓடும் வீட்டிற்கு மேசைக் கணினியே ஏற்றது எனக் கூறலாம். மடிக்கணினிதான் என்றால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து துடைக்கச் செய்தல் வேண்டும்.

கண்ணும் கழுத்தும் விரலும்

தமிழ் ஆய்வாளரின் பணி ஏனையோர் பணியினும் சற்று வேறுபட்டது. பழஞ்சுவடியின் அல்லது பழம்பதிப்பின் படத்தை ஒருபுறம் வைத்துக்கொண்டு மறுபுறம் தட்டச்சுச் செய்தல், இரு பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தல் ஆகியன நமக்கு அன்றாடப் பணிகள். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842இல் அச்சேறியது. அதன் பிற்காலப் பதிப்புகள் இரண்டை ஒரே திரையில் அருகருகே விரிக்க முயன்று பாருங்கள். 14 அங்குலத் திரையில் எழுத்துகள் எறும்பாகும். 22 அங்குலத் திரையின் பரப்பு அதனினும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபுத் தமிழ் ஏட்டையும் இடமிருந்து வலமாகச் செல்லும் நம் எழுத்துப்பெயர்ப்பையும் ஒருங்கே நோக்குவோர்க்குச் சிறுதிரை பெருந்துன்பம். பக்க வடிவமைப்பும் சேலைக்கரை வரைதலும் இவ்வாறே பெருந்திரையை வேண்டுவன.

கழுத்தும் முறையிடுகிறது. திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராகவும், விசைப்பலகை முழங்கையின் மட்டத்திலும் இருத்தல் உடலுக்கு ஏற்றது. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் உடன்பிறந்தனவாக ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒருசேர அமையா. திரையை உயர்த்தினால் கை தூக்கும்; விசைப்பலகையைத் தாழ்த்தினால் தலை குனியும். ஒரு மணி நேரப் பணிக்கு இது பொருட்டில்லை. ஆறு திங்கள் நீளும் ஆய்வேட்டுப் பணிக்கு இது பெருங்கேடு.

விரல் பற்றி ஒரு சொல். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகை அரசால் ஏற்கப்பட்டது. 12 உயிரும், அகரம் ஏறிய 18 மெய்யும், ஆய்தமும் ஆக 31 விசைகளைக் கொண்டு 247 எழுத்துகளையும் பெறலாம். உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைந்த இவ்வொழுங்கு, அகலமான தனி விசைப்பலகையில் விரைந்து கைவரும் என்பது என் பட்டறிவு. இன்றும் நம் மாணவருள் பலர் ஆங்கில ஒலிப்பைத் தட்டித் தமிழைப் பெறுகின்றனர். அவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. ஆயினும் 'ழ'கரத்தைப் பெறுவதற்கு ஆங்கிலத்தின் இறுதி எழுத்தை நாடுவது தமிழ் மாணவர்க்குச் சற்று உறுத்த வேண்டும்.

எக்கருவியாயினும் ஒருங்குறியில் எழுதுக. எனது எம்.பில். ஆய்வேடு ஒரு தட்டச்சு நிலையத்தில், அங்கு மட்டுமே வழங்கிய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. குறுவட்டு இன்னும் என் பெட்டியில் உள்ளது; திறந்தால் பொருளற்ற குறிகளே தெரிகின்றன. 2010ஆம் ஆண்டு கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரேனும் இக்குழப்பம் தணிந்தது.

விலையும் பழுதும்

இதில் மிகுதியாகக் கூறுவதற்கில்லை. ஒத்த திறனுடைய இரண்டில் மேசைக் கணினி விலை குறைவு. பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றலாம். அருப்புக்கோட்டையிலேயே அதைச் செய்வோர் உளர். மடிக்கணினியின் திரைக்கீல் ஒடிந்தால் மதுரைக்குப் பேருந்து ஏற நேரிடலாம். அலுவலகங்கள் கழித்த பழைய மேசைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14இல் முடிந்தமையின் அத்தகைய கணினிகள் பெருகியுள்ளன. அவற்றுள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் நிறுவித் தமிழ்ப்பணி செய்யலாம். விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் சேர்த்தே வழங்கப்பட்டது. அதனை ஒருமுறையேனும் திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

இணையம் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2020இல் இணையவழி வகுப்பு நடத்தியபோது, திருச்சுழிக்கு அப்பாலுள்ள சிற்றூர் மாணவர் சிலர் அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி மொட்டை மாடிக்கும் கண்மாய்க் கரைக்கும் சென்று அமர்ந்தனர். கண்மாய்க் கரைக்கு மேசைக் கணினி வாராது.

யாருடைய இடம்?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

முதுகலை முடித்த எம் மாணவியர் பலருக்குத் திருமணமும் ஆய்வும் ஒரே ஆண்டில் வந்து சேர்கின்றன. வெளியூர் சென்று பணியாற்ற இயலாதோர்க்கு வீட்டிலிருந்து செய்யும் தட்டச்சும் மெய்ப்புத் திருத்தமும் மொழிபெயர்ப்பும் இணைய வகுப்புமே வருவாய்க்கும் கல்விக்கும் உரிய வாயில்கள். அவர்கள் வீட்டில் மேசைக் கணினி எங்கே வைக்கப்படுகிறது? முன்கூடத்தில். வீட்டுக்கு அழகு என்பது காரணம். ஆடவர் விருந்தினராக வந்தால் மாணவி எழுந்து உள்ளே சென்றுவிடுவார். பணி அங்கேயே நிற்கும். விருந்தினர் தேநீர் அருந்தி, ஊர்க்கதை பேசி எழுந்து செல்லும்வரை ஆய்வேடு காத்திருக்கும். "அத்தா கூடத்தில் இருக்கும் நேரத்தில் நான் ஒரு பக்கம்கூட அடித்ததில்லை, ஐயா" என்றார் ஒரு மாணவி. மடிக்கணினியாயின் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு, அடுக்களைக்கு, மாடிப்படிக்குச் செல்லலாம். இவ்வொரு காரணத்தாலேயே மாணவியர்க்கு மடிக்கணினி என நெடுநாள் பரிந்துரைத்து வந்தேன்.

அப்பரிந்துரை முழுமையானதன்று எனப் பின்னர் உணர்ந்தேன். தூக்கிச் செல்லக்கூடிய கருவியை யாரும் தூக்கிச் செல்லலாம். தம்பி திரைப்படம் காண எடுத்துச் செல்கிறான். அண்ணன் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்கிறார். கருவி வீட்டில் இருக்கும்போதும், கட்டிலில் அமர்ந்து தட்டச்சுச் செய்யும் பெண்ணை 'வேலை செய்கிறாள்' என வீடு கருதுவதில்லை. "சும்மாதானே இருக்கிறாய், இந்தப் பருப்பைக் கொஞ்சம் பார்" என்கிறது. தறியில் அமர்ந்திருந்தவரை எவரும் அவ்வாறு அழைத்ததில்லை. தறி அசையாது, அதற்கென ஓர் இடம் இருந்தது, அவ்விடத்தில் அமர்ந்தவர் உழைப்பவர் என்பதை வீடும் தெருவும் ஏற்றுக்கொண்டன. மேசைக் கணினியும் அத்தகையது. அதை வாங்குவோர் வீட்டில் பணிக்கென ஓர் இடத்தையும் சேர்த்தே வாங்குகின்றனர். மடிக்கணினியோ அவ்விடத்தைத் தரவேண்டிய கடமையிலிருந்து வீட்டை விடுவித்துவிடுகிறது.

ஆகவே என் முடிபு இது. மின்சாரம், மண், இடி, அலைவரிசை ஆகிய நான்கையும் நோக்க, இவ்வட்டாரத்தில் ஒரே ஒரு கருவி வாங்க வல்ல குடும்பம் மடிக்கணினியே வாங்குதல் தக்கது. பெருந்திரைப் பணியையே தொழிலாகக் கொண்டோரும், எர்த் கம்பியைச் சரிசெய்துகொண்ட தறி வீட்டாரும் மட்டும் மேசைக் கணினி வாங்கலாம். ஆனால் மடிக்கணினியை மேசைக் கணினியைப் போலவே வைத்தல் வேண்டும். சில நூறு ரூபாயில் ஒரு தனி விசைப்பலகையும் ஒரு சுட்டியும் வாங்குக. நான்கு தடித்த நூல்களை அடுக்கி அதன்மேல் திரையை உயர்த்துக. பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகள் இதற்கு மிக நன்று. கை வசதி வந்தபின் பெருந்திரை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கென ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் ஒரு மூலையும் வீட்டில் கேட்டுப் பெறுக. மூன்றடிக்கு இரண்டடி போதும். கேட்பதற்குத்தான் கடினம்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருவர் அவ்வாறு கேட்டுப் பெற்றார். அவருடைய தாத்தாவின் குழித்தறி இருந்த இடம் மண் நிரப்பப்பட்டு, மேலே கடப்பைக்கல் பாவப்பட்டு, நெல் மூட்டையும் பழைய மின்விசிறியும் கிடக்கும் மூலையாக இருந்தது. அவற்றை அகற்றிவிட்டு அங்கே மேசை போட்டுள்ளனர். சென்ற திங்கள் ஆய்வு தொடர்பாக அவ்வில்லத்திற்குச் சென்றிருந்தேன். மாணவி முதுகைக் காட்டியபடி தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்ட அவருடைய தாயார், தேநீருக்குப் பால் வாங்கி வரும்படி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். அழைத்தது மகனை.